சொசைட்டி ஆஃப் இல்லஸ்ட்ரேட்டர்ஸ், போலோன்யா: ஆண்டுப் போட்டிகளுக்குப் படம் அனுப்புவது பற்றி

மைக்கோடு

எல்லாருக்கும் வணக்கம். சிறுவர் புத்தகங்களுக்கு அட்டையும் உள்படங்களும் வரைவதுதான் என் தொழில், நடுநடுவே வார இதழ்களுக்குக் கதைப்படமும் வரைவதுண்டு. இந்த ஆண்டு நியூயார்க் சொசைட்டி ஆஃப் இல்லஸ்ட்ரேட்டர்ஸ் நடத்தும் போட்டிக்குப் படம் அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். படத்துக்கு இவ்வளவு என்று டாலரில் கட்டணம் கேட்கிறார்கள், நம் வருமானத்தில் அது சின்னத் தொகை இல்லை. தெரிந்தவர் ஒருவர் "காசு கட்டிப் பெயர் வாங்குகிற வேலை, விட்டுவிடு" என்கிறார். இன்னொருவர் "ஒரு தடவை அந்த ஆண்டு மலரில் படம் வந்துவிட்டால் வேலை தேடி வரும்" என்கிறார். இரண்டையுமே என்னால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. நடுவர்கள் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள், தேர்வானவர்களுக்கு என்ன நடக்கிறது, என்னைப் போலக் கதைக்குப் படம் போடுகிற ஆளுக்கு அது சரியான இடம்தானா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

தூரிகைச்செல்வம்

மைக்கோடு, நேற்று முளைத்த "சர்வதேச விருது" போட்டிகளோடு இதைச் சேர்த்துப் பார்க்காதீர்கள். அந்தச் சங்கம் 1901-இல் தொடங்கியது. மன்ஹாட்டன் கிழக்கு 63-ஆம் தெருவில் இருக்கும் அவர்களுடைய வீட்டுக்கு 1939-இல் குடிவந்தார்கள், இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள், அதே கட்டடத்தில்தான் அருங்காட்சியகமும். நடுவர்கள் தேர்ந்தெடுக்கும் ஆண்டுக் கண்காட்சி 1959-இல் ஆரம்பித்தது. அன்றிலிருந்து தேர்வான படங்களைத் தொகுத்து மலரும் போடுகிறார்கள். அமெரிக்க இதழ்களிலும் பதிப்பகங்களிலும் இருக்கும் ஆர்ட் டைரக்டர்கள் (எந்த ஓவியரிடம் என்ன வரையச் சொல்வது என்று முடிவு செய்கிறவர்கள்) புது ஆட்களைத் தேடும்போது எடுத்துப் புரட்டும் மலர்களில் அதுவும் ஒன்று. கம்யூனிகேஷன் ஆர்ட்ஸ் இதழின் ஆண்டு மலரும் அமெரிக்கன் இல்லஸ்ட்ரேஷன் மலரும் அதே வரிசையில் வரும். பதக்கத்தை விட, அந்தப் பக்கத்தில் இடம் கிடைப்பதுதான் தொழிலுக்கு முக்கியம் என்பது என் கருத்து.

இப்போது நடுவர்கள் விஷயம். விளம்பரம், புத்தகம், இதழ், நிறுவனப் பணி, யாரும் கேட்காமல் தானாக வரைந்தது என்று பிரிவுகள் உண்டு, காமிக்ஸுக்கும் அசையும் படத்துக்கும் தனி இடம் இருக்கிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி நடுவர் குழு. அதில் படம் வரைகிறவர்களும் இருப்பார்கள், படம் வரையச் சொல்லிக் காசு கொடுக்கிறவர்களும் இருப்பார்கள். இந்த இரண்டாவது ஆட்களை மறந்துவிடாதீர்கள். நாளைக்கு உங்களுக்கு மின்னஞ்சல் போடக்கூடியவர் அவர்தான். தேர்வாகாத படத்தைக்கூட ஒரு ஆர்ட் டைரக்டர் பார்த்திருப்பார், ஞாபகமும் வைத்திருப்பார்.

எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்டீர்கள். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருக்கும்போது முதல் பார்வையில் நிற்க வைப்பது வெளிச்சமும் நிழலும் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்பதுதான், விவரமெல்லாம் அதற்குப் பிறகு. உங்கள் படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி, வண்ணத்தையும் எடுத்துவிட்டுப் பாருங்கள், அப்போதும் என்ன நடக்கிறது என்று புரிந்தால் அது முதல் சுற்றைத் தாண்டும். அப்புறம்தான் யோசனை எவ்வளவு புதுசு, கோடு எவ்வளவு உறுதி என்பதெல்லாம்.

கரிசல்வண்ணம்

செல்வம் அண்ணா சொன்ன வரலாறு சரிதான், ஆனால் பணத்தைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே. நுழைவுக் கட்டணம் கட்டுகிறோம், போட்டிக்குப் போட்டி வேறுபட்டாலும் சிலவற்றில் தேர்வான பிறகு தனியாக இன்னொரு கட்டணமும் கேட்பார்கள், பிறகு சட்டம் போட்டு அனுப்புகிற செலவு, அசல் ஓவியம் என்றால் சுங்கம், காப்பீடு. ப்ரூக்ளினில் இருப்பவர் ரயிலேறிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். திருநெல்வேலியில் இருப்பவருக்கு அப்படியா? ஒரே தரமுள்ள இரண்டு படங்களில் எது நடுவர் முன்னால் போகிறது என்பதைச் செலவே முடிவு செய்துவிடுகிறது. பிறகு நடுவர்கள் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், அவர்கள் கண்ணுக்கு வந்த படங்களிலிருந்துதானே தேர்ந்தெடுக்க முடியும்.

அதே அமெரிக்காவில் கால்டெகாட் பதக்கம் 1938 முதல் கொடுக்கப்படுகிறது. நூலகர் சங்கத்தின் குழு அந்த ஆண்டின் படப் புத்தகங்களை உட்கார்ந்து வாசித்து முடிவெடுக்கிறது, ஓவியர் கையிலிருந்து நுழைவுக் கட்டணம் எதுவும் போவதில்லை. அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும் மட்டும்தான் என்பதால் நமக்கு அதில் வழி இல்லை. ஆனாலும் ஓவியரிடம் காசு வாங்காமல் நல்ல தேர்வு நடத்த முடியும் என்பதற்கு அது சாட்சி.

தூரிகைச்செல்வம்

கரிசல், செலவு விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன், அது உண்மையான தடை. "பெயர் வாங்குகிற வேலை" என்பதைத்தான் ஏற்க முடியாது, ஏனென்றால் கட்டணம் கட்டியவர்களில் பெரும்பாலோர் தேர்வாவதில்லை.

யூக்கோ ஷிமிஸுவை எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் பெரிய நிறுவனம் ஒன்றின் மக்கள் தொடர்புத் துறையில் 11 ஆண்டு வேலை பார்த்தவர், அதை விட்டுவிட்டு 1999-இல் நியூயார்க் போய் ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸில் படித்து 2003-இல் முதுகலை முடித்தார். அந்த வயதில் அந்த ஊரில் அவருக்கு யாரைத் தெரியும்? மைத்தூரிகையால் போடும் அந்தக் கறுப்புக் கோடுதான் அவரைத் தூக்கி நிறுத்தியது, இந்த மாதிரி ஆண்டு மலர்களில் திரும்பத் திரும்ப வந்ததால் அந்தக் கோட்டை எல்லா ஆர்ட் டைரக்டர்களும் அடையாளம் கண்டுகொண்டார்கள். 2021-இல் அவர் படம் போட்ட புத்தகத்துக்குக் கால்டெகாட் ஹானரும் (பதக்கத்துக்கு அடுத்த நிலைக் கௌரவம்) கிடைத்தது. ஆகவே கட்டணமுள்ள வழியும் கட்டணமில்லாத வழியும் ஒரே ஆளின் வாழ்க்கையில் அருகருகே இருக்க முடியும்.

விக்டோ நை இன்னொருவர். ஹாங்காங்கில் வளர்ந்தவர், ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைனில் 2010-இல் படிப்பை முடித்தார், பிறகு சொசைட்டி ஆஃப் இல்லஸ்ட்ரேட்டர்ஸ் சங்கத்தின் தங்கப் பதக்கமே வாங்கினார். மிலானிலிருந்து வேலை செய்யும் இரட்டைச் சகோதரிகள் அன்னா, எலேனா பல்பூஸோ இருவரும் சேர்ந்தே ஒரு படத்தை வரைகிறவர்கள், அவர்களும் இத்தாலியை விட்டுப் போகாமலே அங்கே பதக்கம் வாங்கியவர்கள்தான்.

பென்சில்ஆனந்தி

ஒரு விஷயம் யாருமே சொல்லவில்லை, படம் நன்றாக வருவதில் ஆர்ட் டைரக்டரின் பங்கு. அந்த மலர்களைப் பல ஆண்டுகளாகப் புரட்டி வருகிறேன், படத்துக்குக் கீழே ஓவியர் பெயரோடு ஆர்ட் டைரக்டர் பெயரும் வாடிக்கையாளர் பெயரும் இருக்கும், நாம் அதைப் படிக்காமலே தாண்டிவிடுகிறோம். படித்துப் பார்த்தால் ஒரு பெயர் மறுபடி மறுபடி வரும்: சூஜின் புசெல்லி. அவர் வடிவமைத்த இதழ்களில் ஒன்று பிளான்ஸ்பான்ஸர். அது என்ன இதழ் தெரியுமா, நிறுவனங்களின் ஓய்வூதியத் திட்டங்களைப் பற்றிய தொழில் இதழ்! அதைவிட வறண்ட விஷயம் வேண்டுமா? ஆனால் நவீன அமெரிக்க இதழ் ஓவியத்தின் அழகான படங்கள் பல அங்கேதான் வந்தன. கட்டுரையின் சாரத்தை மட்டும் ஓவியருக்குச் சொல்லிவிட்டு, நாணயக் குவியலையும் வரைபடத்தையும் போடு என்று கட்டாயப்படுத்தாமல் உருவகமாக யோசிக்க விட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன். விக்டோ நையும் படிப்பு முடித்த புதிதில் அவருக்கு வரைந்தவர்தான்.

இங்கே நம் நிலைமை என்ன? "அந்தப் பெண் அழுகிற மாதிரி, பின்னால் வீடு, வலது மூலையில் தலைப்புக்கு இடம்" என்றுதான் பிரீஃப் (எப்படி வரைய வேண்டும் என்ற குறிப்பு) வருகிறது, அதற்குள் நின்று வரைந்து கொடுத்துவிட்டு, பிறகு அந்தப் படத்தை உலகப் போட்டிக்கு அனுப்பி ஏன் தேர்வாகவில்லை என்று ஓவியர் தன் கையைச் சந்தேகிக்கிறார். கையில் குறை இருக்காது. யோசிக்க இடமே தராத இடத்தில் பிறந்த படம் அது. எனவே, மைக்கோடு, அனுப்ப நினைக்கும் படங்களில் எதெல்லாம் உங்கள் யோசனையில் பிறந்தவை, எதெல்லாம் ஆசிரியர் சொன்னபடி வரைந்தவை என்று முதலில் பிரித்து வையுங்கள்.

பென்சில்ஆனந்தி

தொடர்கிறேன், மேலே எழுதியது நீண்டுவிட்டதால் இதைத் தனியாகப் போடுகிறேன். சிறுவர் புத்தகம் வரைகிற உங்களுக்கு நான் முதலில் காட்டுவது போலோன்யாவைத்தான். இத்தாலியில் போலோன்யா நகரில் 1964 முதல் சிறுவர் நூல் சந்தை நடக்கிறது, அதில் ஓவியர்கள் கண்காட்சி 1967-இல் சேர்ந்தது. கட்டணம் கிடையாது. 18 வயது ஆனவர் யாரும் அனுப்பலாம், புத்தகம் வெளிவந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு பொருளை ஒட்டிய ஐந்து படங்கள், அவ்வளவுதான் கேட்கிறார்கள். நடுவர்களாகப் பல நாட்டுப் பதிப்பாளர்களும் ஓவியர்களும் வருவார்கள். முன்பெல்லாம் அந்த ஐந்தையும் தபாலில் அனுப்ப வேண்டும், சந்தை வளாகத்தில் நீளநீளமான மேசைகளில் பரப்பி வைத்திருப்பார்கள், நடுவர்கள் நடந்து நடந்து பார்ப்பார்கள். இப்போது முதல் சுற்று இணையத்தில் என்பதால் தபால் செலவும் குறைந்துவிட்டது.

அந்த ஐந்து என்ற விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே ஒரு படம் என்றால் யாரும் ஒரு நல்ல நாளில் அசத்திவிடலாம். ஐந்து படம் என்றால் கதாபாத்திரம் ஐந்திலும் அதே ஆளாக இருக்கிறதா, முதுகு காட்டி நிற்கும்போதும் அடையாளம் தெரிகிறதா, ஒரு படத்திலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது பார்வைக் கோணம் மாறுகிறதா, ஐந்தில் ஒன்றாவது மூச்சு விடும்படி காலியாக இருக்கிறதா என்றெல்லாம் தெரிந்துவிடும். புத்தகம் வரையத் தெரிந்தவரும் அழகான ஒற்றைப் படம் வரையத் தெரிந்தவரும் அங்கே பிரிந்துவிடுவார்கள். உங்களுக்கு இது சாதகம், பக்கம் புரட்டுகிற தாளத்தோடு தினமும் வேலை செய்கிறவர் நீங்கள்.

தேர்வானால் ஆண்டு மலரில் இடம், போலோன்யாவில் கண்காட்சி, பிறகு அந்தக் கண்காட்சி ஜப்பானுக்குப் போகும். டோக்கியோவின் இதாபாஷி கலை அருங்காட்சியகம் பல பத்தாண்டுகளாக அதை வரவேற்று நடத்துகிறது, அங்கே குடும்பத்தோடு வந்து பார்க்கிறார்கள். தேர்வானவர்களில் 35 வயதுக்குட்பட்ட ஒருவருக்கு ஸ்பெயினின் எஸ்எம் அறக்கட்டளையோடு சேர்ந்து தரும் விருதும் உண்டு, பணத்தோடு ஒரு புத்தகம் வெளியிடும் வாய்ப்பும் மறு ஆண்டு தனிக் கண்காட்சியும் சேர்ந்து வரும். 2014-இல் போர்ச்சுகலைச் சேர்ந்த கத்தரீனா சொப்ராலுக்குக் கிடைத்தது அதுதான்.

நீலமைக்குப்பி

போலோன்யாவில் தேர்வாகாதவர்களும் சந்தைக்குப் போகிறார்கள். ஓவியர் சுவர் என்று நீண்ட சுவர் இருக்கும், யார் வேண்டுமானாலும் தங்கள் படத்தையும் அட்டையையும் ஒட்டலாம், முதல் நாள் மதியத்துக்குள்ளேயே இடம் கிடைக்காத அளவு நிறைந்துவிடும், ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டுவார்கள். பதிப்பாளர்கள் போர்ட்ஃபோலியோ பார்க்கும் நேரத்துக்காகக் கையில் கோப்போடு வரிசையில் நிற்பவர்களும் உண்டு. விமானச் செலவு பெரிது, அதனால் போகச் சொல்லவில்லை. தேர்வு ஒன்றுதான் வழி என்று இருக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

கரிசல்வண்ணம்

போலோன்யா என்றால் நம் ஊர்க் கதையும் ஒன்று இருக்கிறது. சென்னை தாரா புக்ஸ் வெளியிட்ட, கோண்டு பழங்குடி ஓவியர்கள் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் மரங்களை வரைந்த 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' புத்தகத்துக்கு 2008-இல் போலோன்யா ராகாட்ஸி விருதின் நியூ ஹொரைசன்ஸ் பிரிவில் பரிசு கிடைத்தது. கைத்தயாரிப்புக் காகிதத்தில், கறுப்புத் தாளில் ஒவ்வொரு வண்ணமாக சில்க்ஸ்கிரீனில் அச்சடித்த புத்தகம், சென்னையிலேயே அச்சானது. கையில் எடுத்தால் மையின் வாசனை வரும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆனந்தி அக்கா சொன்ன ஓவியர் கண்காட்சி வேறு, இந்த விருது வேறு. கண்காட்சிக்கு ஓவியர் தானே அனுப்புகிறார், ராகாட்ஸி விருதுக்குப் பதிப்பகம் முழுப் புத்தகத்தை அனுப்புகிறது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கிராமத்தில் வளர்ந்த ஓவியருக்கு ஆங்கிலப் படிவம் நிரப்பி ஐந்து கோப்புகளை ஏற்றிவிடுவது நடக்கிற காரியமா? அவர் வேலையை மதித்து, பெயரை அட்டையில் போட்டு, புத்தகமாக்கி அனுப்ப ஒரு பதிப்பகம் இருந்ததால் அந்த நடுவர்கள் கண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது. பஜ்ஜு ஷியாமுக்கு 2018-இலும் துர்கா பாய்க்கு 2022-இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் பதிப்பாளர்களில் எத்தனை பேர் அட்டையில் ஓவியர் பெயரைப் போடுகிறார்கள்? பின்பக்கத்தில் பொடி எழுத்தில்கூடப் போடாதவர்கள் இருக்கிறார்கள். விருதுக்கு அனுப்புவது அப்புறம் இருக்கட்டும், முதலில் பெயரைப் போடட்டும்.

மைக்கோடு

எல்லாருக்கும் நன்றி, பல விஷயங்கள் தெளிவாகிவிட்டன. ஒரு சந்தேகம். நான் பென்சிலில் வரைந்து ஸ்கேன் செய்து கணினியில் வண்ணம் போடுகிறேன். செயற்கை நுண்ணறிவுப் படங்கள் வந்த பிறகு டிஜிட்டல் வேலை என்றாலே நடுவர்கள் சந்தேகப்படுவார்களா?

நீலமைக்குப்பி

டிஜிட்டல் வண்ணம் பிரச்சினையே இல்லை, இந்தப் போட்டிகளில் வருகிற படங்களில் பெரும்பங்கு இப்போது அதுதான். இயந்திரம் உருவாக்கிய படம்தான் பிரச்சினை. 2022-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலச் சந்தையில் மிட்ஜர்னி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி கொண்டு செய்த படம் டிஜிட்டல் கலைப் பிரிவில் முதல் பரிசு வாங்கியபோது ஓவியர்கள் கொதித்தார்கள், அது நியாயமான கோபம். மறு ஆண்டு பிப்ரவரியில் ஒரு காமிக்ஸ் தொடர்பாக அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மிட்ஜர்னி உருவாக்கிய படங்களுக்குப் பதிப்புரிமை இல்லை, எழுத்துக்கும் பக்க அமைப்புக்கும் மட்டும்தான் என்று முடிவு சொன்னது. அதன் பிறகு தொழில்முறை ஓவியப் போட்டிகள் பலவும் விதிகளில் இதற்கென்று வரி சேர்த்துவிட்டன.

அதனால் உங்கள் முதல் கிறுக்கல், தம்ப்நெயில் (சின்ன மாதிரிப் படம்), பென்சில் படி, ஸ்கேன், அடுக்குகள் கலையாத கோப்பு எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். கேட்டால் காட்டலாம். பென்சிலில் வரைகிற உங்களுக்கு இது சுலபம், நேராகத் திரையில் வரைகிறவர்கள்தான் இடையிடையே சேமித்துக்கொள்ள வேண்டும்.

தூரிகைச்செல்வம்

இன்னொன்றையும் பாருங்கள், உரிமை. படிவத்தில் படத்தை மலரிலும் விளம்பரத்திலும் பயன்படுத்த அனுமதி தருகிறேன் என்று கையெழுத்துப் போடுவீர்கள். அந்த அனுமதியைக் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா? இங்கே பல பதிப்பகங்கள் ஒருமுறை காசு கொடுத்து எல்லா உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்கின்றன, பல வேலைகளுக்கு ஒப்பந்தமே கிடையாது, வாட்ஸப்பில் "ஓகே சார்" என்பதோடு முடிந்துவிடுகிறது. எனக்கே நடந்தது, ஒரு பதிப்பகத்துக்குப் போட்ட அட்டையைப் போட்டிக்கு அனுப்ப எழுத்தில் அனுமதி கேட்டேன், பதிலே வரவில்லை, தேதி தாண்டிப் போனது. நல்ல படம் அது, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஆகவே இப்போதே ஒரு மின்னஞ்சல் போட்டு, போட்டிக்கும் அதன் மலருக்கும் மட்டும் அனுமதி என்று ஒரு வரி வாங்கிவிடுங்கள். வடிவமைப்பாளர் பெயரைப் படிவத்தில் போடுவோம் என்றும் சொல்லுங்கள், அதற்காகவாவது பதில் வரும்.

நியூயார்க் சங்கமே நடத்தும் தி ஒரிஜினல் ஆர்ட் என்ற சிறுவர் நூல் ஓவியக் கண்காட்சியும் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். டிலிஸ் எவன்ஸ் 1980-இல் தொடங்கியது, 1990 முதல் சங்கத்தின் கட்டடத்தில் நடக்கிறது. அமெரிக்காவில் வெளியான புத்தகங்களுக்கானது என்பதால் அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

மைக்கோடு

சரி, இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன். போலோன்யாவுக்கு என் சொந்தக் கதை ஒன்று, உப்பளத்துக்கு அம்மாவோடு போகிற பிள்ளை பற்றியது, யாரும் பிரீஃப் கொடுக்காமல் வரைந்தது. அதிலிருந்து ஐந்து. நியூயார்க்குக்கு ஒரே ஒரு படம், அதே கதையின் வெள்ளை வெயில் காட்சி, தானாக வரைந்த பிரிவில். பதிப்பகத்துக்கு வரைந்த அட்டையை அனுமதி வந்தால் மட்டும் புத்தகப் பிரிவில் சேர்ப்பேன், வராவிட்டால் விட்டுவிடுவேன்.

பென்சில்ஆனந்தி

நல்ல முடிவு. உப்பளப் படங்களை முன்பு ஒருமுறை இங்கே போட்டிருந்தீர்கள், அதில் உப்புக் குவியல் வரும் நான்கு படங்களும் ஒரே தூரத்திலிருந்து பார்த்தவை. ஐந்து படம் தேர்ந்தெடுக்கும்போது அந்த நான்கையும் சேர்த்துவிடாதீர்கள், ஒன்று போதும். பிள்ளையின் வெடித்த பாதத்தை அருகில் காட்டும் படத்தையும், விடியற்காலையில் இருட்டில் இருவரும் டார்ச்சோடு நடக்கும் படத்தையும் கட்டாயம் வையுங்கள், அந்தத் தொடரில் இருட்டு வருவது அங்கே மட்டும்தான். இரண்டு போட்டிகளுக்கும் இறுதித் தேதி வழக்கமாக ஆண்டின் பிற்பகுதியில் வரும், ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அவர்களுடைய தளத்திலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து படத்தையும் வரிசையாக இங்கே போட்டால் அனுப்பும் முன் பார்த்துச் சொல்கிறேன்.

கரிசல்வண்ணம்

நானும் பார்க்கிறேன். நியூயார்க் கட்டணத்தை டாலரில் கட்ட வேண்டும் என்பதால், உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று கடைசி நாளுக்கு முன்பே வங்கியில் கேட்டுவிடுங்கள்.